பெரிய இயந்திரக் கட்டமைப்புகளைக் கணக்கிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலைக்குள் ஓடும் கிரேன், ரேடியோ தொலைநோக்கி, கடலில் நிற்கும் எண்ணெய் மேடை போன்றவற்றை வடிவமைக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே. மென்பொருளில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பது இதில் இல்லை. அதற்கு வீடியோக்கள் ஏராளமாகக் கிடக்கின்றன.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சின்ன டிசைனை அப்படியே இரண்டு மடங்காகப் பெரிதாக்கினால் என்ன?

நீளம், அகலம், தடிமன் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகிறது. அதைத் தாங்குகிற குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான் கூடுகிறது. ஆக, சொந்த எடையால் வரும் தகைவு (ஓரலகுப் பரப்பில் வரும் விசை) இரண்டு மடங்கு. சொந்த எடையால் வரும் தொய்வு நான்கு மடங்கு. கலிலியோ 1638-லேயே சொல்லிவிட்ட விஷயம் இது. ஆனாலும் பழைய வரைபடத்தை எடுத்து ‘ஸ்கேல்’ பண்ணும் ஆசை யாருக்கும் விட்டபாடில்லை.

சின்ன இயந்திரத்தில் சொந்த எடையைக் கணக்கில் விட்டுவிட்டாலும் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். பெரியதில் அதுதான் முதல் சுமை. ஜெர்மனியில் எஃபெல்ஸ்பெர்க்கில் 100 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி ஒன்று இருக்கிறது, 1972 முதல் வேலை செய்கிறது. அதன் நகரும் பகுதி மட்டும் 3,200 டன். அது பிடிக்க வேண்டிய ரேடியோ அலைக்கு எடையே இல்லை. அத்தனை இரும்பும் பெரும்பாலும் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளத்தான்.

உடையாது என்று காட்டிவிட்டால் டிசைன் முடிந்ததா?

பெரிய கட்டமைப்புகளில் பல நேரம் வலிமை முதலில் தடுப்பதில்லை, விறைப்புதான், அதாவது வளையாமல் நிற்கும் தன்மைதான், தடுக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

20 மீட்டர் ஸ்பான் (இரண்டு தாங்கல்களுக்கு இடையே உள்ள தூரம்), ஒரே கிர்டர் (உத்தரம்), நடுவில் 20 டன் சுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமை சுமார் 200 கிலோ நியூட்டன். சொந்த எடை, ஆட்டம் எல்லாவற்றையும் இப்போதைக்கு விடுவோம். நடுவில் வரும் பெண்டிங் மொமென்ட் (வளைக்கும் திருப்புவிசை) 200-ஐ 20-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தது, அதாவது 1,000 கிலோ நியூட்டன் மீட்டர். 150 மெகாபாஸ்கல் தகைவை அனுமதித்தால் செக்‌ஷன் மாடுலஸ் (குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் திறனின் அளவு) சுமார் 67 லட்சம் கன மில்லிமீட்டர் வேண்டும். ஒரு மீட்டர் உயரமுள்ள பெட்டி கிர்டரில் அதைக் கொண்டுவந்துவிடலாம். தகைவு சரி, உடையாது.

அதே கிர்டர் எவ்வளவு தொய்கிறது? சுமையோடு ஸ்பானின் மும்மடியைப் பெருக்கி, 48, யங் குணகம் (பொருளின் விறைப்பு), இனர்ஷியா (குறுக்குவெட்டு வடிவம் தரும் விறைப்பு) மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் 50 மில்லிமீட்டர் வருகிறது. கிரேன் கிர்டர் ஸ்பானில் 750-இல் ஒரு பங்கு முதல் 1,000-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக்கூடாது என்பது வழக்கத்தில் உள்ள வரம்பு. இங்கே அதிகபட்சம் 27 மில்லிமீட்டர்தான். நம் கிர்டர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தொய்கிறது. உடையாத கிர்டர்தான், ஆனால் டிராலி (கிர்டரின் மேல் ஓடும் தூக்கு வண்டி) நடுப்பள்ளத்தை நோக்கித் தானாக உருள ஆரம்பிக்கும், சுமையைத் தூக்கிய பிறகு ஆட்டம் அடங்கவே நேரம் பிடிக்கும்.

அப்படியானால் இன்னும் வலுவான இரும்பைப் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. நம் நாட்டு ஐ.எஸ். 2062 தர வரிசையில் ஈ250 இரும்பு 250 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக வளைய ஆரம்பிக்கும், ஈ350 என்றால் 350-இல். ஆனால் இரண்டுக்கும் யங் குணகம் ஒன்றேதான், ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல். அளவு மாறாமல் இரும்பின் தரத்தை மட்டும் உயர்த்தினால் தொய்வு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. ‘வலுவான இரும்புதானே’ என்று தகட்டை மெலிதாக்கினால் தொய்வு கூடத்தான் செய்யும்.

குறைக்க வேண்டுமானால் வடிவத்தை மாற்ற வேண்டும். மேலும் கீழும் உள்ள பிளேஞ்சுகளை (கிடைத்தகடுகளை) அப்படியே வைத்து உயரத்தை மட்டும் ஒரு மீட்டரிலிருந்து 1.4 மீட்டராக்கினால் இனர்ஷியா ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, தொய்வு 25 மில்லிமீட்டருக்கு வந்துவிடுகிறது. கூடுதலாகச் செலவாவது நடுத்தகட்டில் கொஞ்சம் இரும்புதான்.

உயரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமே?

ஓரளவுக்கு மேல் போனால் நடுத்தகடு நெளிந்துவிடும். பக்ளிங் என்பது இதுதான். இரும்பு தன் வலிமை வரம்பை எட்டுவதற்கு வெகு முன்பே, அழுத்தத்தில் இருக்கும் மெல்லிய பகுதி திடீரென்று பக்கவாட்டில் விலகிவிடுகிறது. அங்கே இரும்பின் தரத்துக்கு வேலையில்லை, வடிவமும் யங் குணகமும்தான் தீர்மானிக்கின்றன. தம்பத்துக்கு ஆய்லரின் சூத்திரம் இருக்கிறது: நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் சுமை நான்கில் ஒரு பங்காகிவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. மென்பொருள் தரும் சாதாரண பக்ளிங் விடை, கோணல் மாணல் எதுவும் இல்லாத தகட்டுக்கானது. நிஜத் தகட்டில் வெல்டிங் சூட்டால் வந்த நெளிவு இருக்கும், உள்ளே தங்கிவிட்ட தகைவு இருக்கும். மெல்லிய உருளைகளில் அசல் வலிமை, ஏட்டு விடையில் பாதிக்கும் கீழே போவது சாதாரணம். அதனால்தான் விதிநூல்கள் குறைப்புக் காரணிகள் வைத்திருக்கின்றன. கிர்டருக்குள் குறுக்குத் தகடுகள் வரிசையாக வைத்து வெல்டு செய்வதும் இதற்காகத்தான்.

தொய்வை முழுக்க ஒழிக்க முடியாத இடத்தில் என்ன செய்வது?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இங்கேதான் இருக்கிறது. தொலைநோக்கிக் கிண்ணம் வானத்தை நோக்கித் திரும்பத் திரும்ப ஈர்ப்பு விசை வெவ்வேறு திசையிலிருந்து இழுக்கிறது. விளிம்பு பல சென்டிமீட்டர் தொய்யலாம். பரப்போ மில்லிமீட்டருக்கும் குறைந்த பிழையோடு பரவளையமாக இருக்க வேண்டும். இரும்பைச் சேர்த்துக்கொண்டே போனால் எடையும் சேர்ந்து வளரும், பயனில்லை.

1967-இல் வானியலாளர் செபாஸ்டியன் ஃபான் ஹோர்னர் கேள்வியையே மாற்றிப் போட்டார். தொய்யட்டும், ஆனால் ஒரு பரவளையம் தொய்ந்து இன்னொரு பரவளையமாகட்டும் என்றார். எல்லாப் புள்ளிகளும் சமமான மென்மையோடு தாங்கப்பட்டால் வடிவம் கெடாது. குவியம் மட்டும் இடம் மாறும். அலை வாங்கியை அந்தப் புதிய இடத்துக்கு நகர்த்திவிட்டால் முடிந்தது. எஃபெல்ஸ்பெர்க் தொலைநோக்கி இந்த வழியில்தான் வேலை செய்கிறது. பகுப்பாய்வுக்கு இதைவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரிந்து குறைவு. எங்கே எவ்வளவு தொய்யும் என்று முன்கூட்டித் துல்லியமாகச் சொல்ல முடிந்ததால்தான் தொய்வை அனுமதிக்கவே முடிந்தது.

காற்றுச் சுமையை எப்படிப் பார்ப்பது?

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியோடு கூடுகிறது. நொடிக்கு எத்தனை மீட்டர் என்பதை இருமடியாக்கி 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். நொடிக்கு 40 மீட்டர் என்றால் 960. அந்தக் காற்று 45 மீட்டர் விட்டமுள்ள, மூடிய கிண்ணத்தில் நேராக அடித்தால், வடிவக் காரணியைச் சேர்க்காமலேயே 150 டன்னுக்கு மேல் தள்ளும்.

புனே அருகே உள்ள ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியில் 45 மீட்டர் கிண்ணங்கள் 30 இருக்கின்றன. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு அங்கே தகடே போடவில்லை. இழுத்துக் கட்டிய கம்பி வடங்களின் மேல் மெல்லிய துருப்பிடிக்காத கம்பி வலையைப் பரப்பினார்கள். அது பிடிக்கிற நீண்ட அலைக்கு வலையும் தகடு மாதிரிதான், காற்றுக்கோ ஓட்டை. சுமை குறைந்ததும் தாங்கும் சட்டமும் மோட்டாரும் அஸ்திவாரமும் சேர்ந்து மெலிந்தன.

அதற்கு முன்பே, 1970-இல், ஊட்டி முத்தோரையில் அவர் செய்தது இன்னும் சாமர்த்தியம். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்தத் தொலைநோக்கி, வடக்கு தெற்காகச் சரியும் ஒரு மலைச்சரிவில் கிடக்கிறது. சரிவின் கோணம் சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது, ஒரே அச்சில் சுழற்றி வானத்தைப் பல மணி நேரம் பின்தொடரலாம். இரண்டாவது அச்சுக்கு வேண்டிய இயந்திரத்தை மலையே இல்லாமல் ஆக்கிவிட்டது. நல்ல இடத்தேர்வு மோசமான பகுப்பாய்வு நூறைத் தவிர்க்கும்.

காற்றை விட்டுவிட்டால் என்னாகும் என்பதற்கு 1999 ஜூலை 14 ஒரு சாட்சி. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பேஸ்பால் அரங்கின் கூரைத் துண்டை, 400 டன்னுக்கும் மேல் எடையுள்ளதை, ஒரு ராட்சதக் கிரேன் தூக்கியபோது கிரேனே சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். கிரேனின் மேல் அடிக்கும் காற்றை எல்லாரும் பார்ப்பார்கள். தொங்கும் சுமையின் அகன்ற பரப்பில் அடிக்கும் காற்றை அங்கே யாரும் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

இயல் அதிர்வெண் ஏன் வேண்டும்? ஆலைக்குள் புயலா அடிக்கிறது?

புயல் தேவையில்லை. மோட்டார், பற்சக்கரம், திடீரென்று போடும் பிரேக், இவை போதும். கட்டமைப்பைத் தட்டினால் நொடிக்கு எத்தனை தடவை தானாக ஆடும் என்பதுதான் இயல் அதிர்வெண். அதுவும் இவற்றின் அதிர்வெண்ணும் நெருங்கினால் சின்ன விசைகூடப் பெரிய ஆட்டமாகும். தொலைநோக்கியில் இன்னொரு சங்கடம்: திருப்பும் கட்டுப்பாட்டு அமைப்பு இயங்கும் அதிர்வெண் கட்டமைப்பின் முதல் அதிர்வெண்ணுக்கு வெகு கீழேயே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கிண்ணத்தை நிலைநிறுத்துவதற்குப் பதில் ஆட்டிவிடும்.

கையால் போட ஒரு குறுக்குவழி உண்டு. சொந்த எடையால் எத்தனை மில்லிமீட்டர் தொய்கிறது என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸில் தோராயமான விடை கிடைக்கும். 10 மில்லிமீட்டர் தொய்ந்தால் 5 ஹெர்ட்ஸ், 40 தொய்ந்தால் 2.5. இயங்கும் மோட்டார் பக்கத்தில் இருந்தால் இந்த ஒரு வரிக் கணக்கே பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

ஃபைனைட் எலிமென்ட் முறை என்பது என்ன?

சிக்கலான உருவத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி (இந்தத் துண்டுகளின் வலைக்குத்தான் மெஷ் என்று பெயர்), ஒவ்வொரு துண்டின் விறைப்பையும் எளிய சமன்பாடாக எழுதி, துண்டுகள் சந்திக்கும் புள்ளிகளில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துத் தீர்ப்பது. விமான இறக்கைகளைக் கணக்கிடும் தேவையிலிருந்து வளர்ந்தது. டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் 1956-இல் வெளியிட்ட கட்டுரை ஒரு மைல்கல். இந்தப் பெயரை வைத்தது கிளஃப், 1960-இல். நாசாவுக்காக நாஸ்ட்ரான் என்ற மென்பொருள் எழுதப்பட்டது 1960-களில். இன்றைக்கும் அதன் வாரிசுகள் ஓடுகின்றன.

பீம், ஷெல், சாலிட் என்ற துண்டு வகைகளில் எதை எடுப்பது?

நீளமாக மெலிந்திருந்தால் பீம், தகடானால் ஷெல், கட்டியாக இருந்தால் சாலிட். முழுக் கிரேனையும் சாலிடில் போடுவது வீண். பீமிலும் ஷெல்லிலும் முழு உருவத்தையும் ஓட்டுங்கள். சந்தேகமான இணைப்பை மட்டும் தனியாக வெட்டி, பெரிய மாடலில் கிடைத்த இடப்பெயர்ச்சிகளைக் கொடுத்து நுணுக்கமாகப் பாருங்கள்.

பிழை அதிகம் நுழைவது எங்கே?

தாங்கும் முனைகளில். மேலே பார்த்த கிர்டரின் இரண்டு முனைகளையும் மென்பொருளில் ‘ஃபிக்ஸ்டு’ என்று பூட்டிவிட்டால் நடுவில் சுமை வைத்த தொய்வு சரியாக நான்கில் ஒரு பங்காகும். 50 மில்லிமீட்டர் 12.5 ஆகிவிடும். தேறாத கிர்டர் காகிதத்தில் அமோகமாகத் தேறும். உண்மையில் அது சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, முனையில் சுழல முடியும். அஸ்திவாரமும் இப்படித்தான். மண் கொஞ்சம் அமுங்கும், போல்ட் கொஞ்சம் நீளும். மாடலில் எல்லாமே பாறையில் நட்டது போல் இருக்கும். யாராவது தகைவைக் காட்டும் வண்ணப்படத்தை நீட்டினால் சிவப்பு எங்கே என்று தேடாதீர்கள், முனைகளை எப்படிக் கட்டியிருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

மெஷ்ஷைச் சிறிதாக்கச் சிறிதாக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகிறதே, எந்த எண்ணை எடுப்பது?

கூர்மையான உள்மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆரமே இல்லாத உள்மூலையில் மீட்சிக் கோட்பாட்டின்படி தகைவு எல்லையில்லாதது. மெஷ் சிறுக்கச் சிறுக்க எண் அங்கே நிற்காமல் ஏறும், எங்கே நிறுத்தினாலும் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மூலையில் நிஜமாக இருக்கப்போகும் வளைவை வரைந்துவிட்டு மறுபடி பாருங்கள். வெல்டாக இருந்தால், வெல்டின் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி இரண்டு புள்ளிகளில் தகைவை எடுத்து விளிம்பு வரை நீட்டிக் கணிக்கும் ஹாட் ஸ்பாட் முறை இருக்கிறது. ஷெல் மாடலுக்கு அது போதும்.

மெஷ் பெருவெட்டாக இருந்தால் என்ன கெட்டுப்போகும்?

நார்வேயில் ஒரு எண்ணெய் மேடையே போயிருக்கிறது. 1991 ஆகஸ்ட் 23, ஸ்டாவாங்கர் அருகே கான்ஸ்ஃபியோர்டில் ஸ்லைப்னர் ஏ மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காக மெதுவாக அமிழ்த்திக்கொண்டிருந்தார்கள். உருளை அறைகளுக்கு இடையே உள்ள முக்கோண அறையின் சுவர் உடைந்து தண்ணீர் புகுந்தது, மொத்தமும் அடியில் போய் நொறுங்கியது. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர்.

காரணம் விசாரித்ததில், அந்தச் சுவர்களில் மெஷ் போதாமல் கத்தரிப்புத் தகைவை (பகுதிகளை எதிரெதிராக நழுவச் செய்யும் தகைவை) 47 சதவீதம் குறைவாகக் கணக்கிட்டிருந்தது தெரிந்தது. போதாக்குறைக்குக் கம்பி கட்டிய விவரமும் அந்த இடத்தில் பலவீனம். பிறகு நுணுக்கமாகக் கணக்கிட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. உடைந்தது 65 மீட்டரில். பகுப்பாய்வு முறையில் குறையில்லை, அதைச் சரியாகக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருக்கும்.

மாடல் விடையை நம்புவதற்கு முன் எதையெல்லாம் சோதிப்பது?

சொந்த எடையை மட்டும் போட்டு ஓட்டி, தாங்கும் முனைகளில் வரும் எதிர்விசைகளைக் கூட்டுங்கள். வரைபடத்தின் எடையோடு பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். எல்லாத் தாங்கல்களையும் எடுத்துவிட்டு அதிர்வெண் கேளுங்கள், சரியாக ஆறு பூஜ்யங்கள் (மூன்று திசைகளில் நகர்வு, மூன்று அச்சுகளில் சுழற்சி) வர வேண்டும். ஏழாவது பூஜ்யம் வந்தால் எங்கோ ஒரு துண்டு ஒட்டாமல் தனியாகத் தொங்குகிறது. அப்புறம் தொய்ந்த உருவத்தை ஓடவிட்டுப் பாருங்கள், கண்ணுக்கு உறுத்துகிறதா என்று. கைக்கணக்கோடு பத்திருபது சதவீத வித்தியாசம் என்றால் பரவாயில்லை. இரண்டு மடங்கு என்றால் இரண்டில் ஒன்று பொய்.

எல்லாத் தகைவும் வரம்புக்குள் இருந்தும் விரிசல் விழுகிறதே?

ஃபெட்டீக். ஒரு தடவை ஏற்றினால் ஒன்றும் ஆகாத சுமை, லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் விரிசலை வளர்க்கும். வெல்டுகளில் இது கொடூரம். தகைவின் ஏற்ற இறக்க வீச்சு இரண்டு மடங்கானால் ஆயுள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். வலுவான இரும்பு இங்கேயும் கை கொடுக்காது, வெல்டின் விளிம்பில் ஏற்கெனவே நுண்ணிய குறை இருக்கிறது.

1980 மார்ச் 27, வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதவை மேடையின் ஐந்து கால்களில் ஒன்று பிய்ந்துபோய் மேடை கவிழ்ந்தது. 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். விரிசல் கிளம்பிய இடம், குறுக்குச்சட்டத்தில் ஒரு ஒலிவாங்கிக் கருவியைப் பொருத்துவதற்காக வைத்த சின்னத் தாங்கியின் 6 மில்லிமீட்டர் வெல்டு. கட்டமைப்புக் கணக்கில் அந்தத் தாங்கிக்கு இடமே இருந்திருக்காது, ‘சும்மா ஒரு பிராக்கெட்’. ஒரு பெரிய சட்டத்தில் கேபிளைப் பிடிக்கவோ ஏணியை மாட்டவோ யாராவது துண்டு இரும்பை வெல்டு செய்ய வந்தால் தடுங்கள். கிளாம்ப் போடச் சொல்லுங்கள்.

மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கில் 91 மீட்டர் தொலைநோக்கி 1988 நவம்பர் 15 இரவு மொத்தமாகச் சரிந்ததற்கும் காரணம் ஒரே ஒரு கசெட் பிளேட், சட்டங்கள் சந்திக்கும் இடத்தில் இருந்த இணைப்புத் தகடு. அந்தத் தகடு உடைந்தால் சுமையை ஏற்க வேறு வழி இருக்கவில்லை. உங்கள் மாடலிலும் எந்த ஒரு தகடு போனால் எல்லாம் போகும் என்று தேடிப் பாருங்கள். அங்கே ஆய்வாளர் கைவிளக்கோடு நெருங்கிப் போகும் வசதியாவது இருக்க வேண்டும்.

வெயில்?

30 மீட்டர் இரும்பு 10 டிகிரி சூடேறினால் 3.6 மில்லிமீட்டர் நீளும். மொத்தமாக நீண்டால் பிரச்சினை குறைவு. ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் கட்டமைப்பு வளைந்துவிடும். வெள்ளை பெயின்ட் அழகுக்காக மட்டும் அடிப்பதில்லை.

எந்த மென்பொருள் நல்லது?

ஏதாவது ஒன்று. விதிநூல் தெரிந்தவர் கையில் எல்லாமே நல்லது. கிரேனுக்கு ஐ.எஸ். 807, ஐ.எஸ். 3177 இரண்டையும் முதலில் படித்துவிடுங்கள்.

கட்டி முடித்த பிறகு பகுப்பாய்வுக்கு வேலை இருக்கிறதா?

நிறைய. கிரேனை ஒப்படைக்கும்போது 125 சதவீதச் சுமையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அன்றே தொய்வை அளந்து மாடலோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். ஐந்தாண்டு கழித்து அதே சுமைக்குத் தொய்வு கூடியிருந்தால் எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது.

போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியில் 305 மீட்டர் கிண்ணத்துக்கு மேலே சுமார் 900 டன் மேடை கேபிள்களில் தொங்கியது. 2020 ஆகஸ்டில் ஒரு துணைக் கேபிள் அதன் முனையைப் பிடித்திருந்த துத்தநாகம் வார்த்த சாக்கெட்டிலிருந்து உருவிக்கொண்டது. நவம்பரில் ஒரு முக்கியக் கேபிள் அறுந்தது, தாங்கக் கூடிய சுமையில் சுமார் 60 சதவீதம்தான் அப்போது அதன் மேல் இருந்தது. டிசம்பர் 1 அன்று மேடை விழுந்தது. கணக்குப்படி அந்தக் கேபிள்களில் மிச்சம் இருந்திருக்க வேண்டும். ஆனால் வார்த்த துத்தநாகம் நீண்டகாலச் சுமையில் மெல்ல இளகி நகரக்கூடியது. சில சாக்கெட்டுகளில் கேபிள் கொஞ்சம் வெளியே வந்திருந்தது விழுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்தது. ஆய்வுப் பட்டியல் எழுதும்போது கேபிளின் அறுந்த இழைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், சாக்கெட் வாயில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, அது எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்பதற்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.